எண்ணெய்க்காரர் வீட்டுக் கம்ப்ரஸர்

வாங்க, வாங்க. வண்டி பெட்ரோல் டேங்க்குக்குப் பெயிண்ட் அடிக்கத்தானுங்களே? தாராபுரத்துல இருந்து போன் பண்ணுனது நீங்கதானா? உக்காருங்க. அட, அந்த நாற்காலி வேண்டாமுங்க, அது நேத்து அடிச்சது, இன்னும் பிசுபிசுன்னு இருக்குது. இந்த மூட்டை மேல உக்காருங்க. புண்ணாக்குத்தான், ஒண்ணும் பண்ணாது.

மாப்பிள்ளை உள்ள வேலையா இருக்காரு. பெயிண்ட் அடிக்கறப்ப யாரு கூப்பிட்டாலும் மூஞ்சி குடுக்க மாட்டாரு. கதவைத் தொறந்தா தூசி வந்துருமாம். மாமனார்னுகூடப் பாக்கறதில்லைங்க, என்னையும் வெளியவே நிக்க வெச்சிருவாரு. ஆனா ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நான் போனாத்தான் ஆகும். அது என்னன்னு சொல்றேன், கேளுங்க. எப்படியும் சித்த நேரம் ஆகும்.

அந்தச் சத்தம் கேக்குதுங்களா, டடடடன்னு? அதுதான் கம்ப்ரஸர். காத்தை அமுக்கி அமுக்கி ஒரு உருளையில அடைச்சு வெக்கும். அந்தக் காத்து அடிச்சுத்தான் பெயிண்ட் பொடிப்பொடியாப் போயி டேங்க்குல உக்காருது. ஊட்டுல வெச்சுக்கற அளவு சின்ன மெஷின்தான். ஆனா அது இன்னைக்கு இப்படிச் சலிக்காம ஓடுதுன்னா அதுக்குக் காரணம் யாருங்கறீங்க? நாந்தானுங்க.

என்ற பேரு சென்னியப்பன். காங்கேயத்துல இறங்கி எண்ணெய்க்காரர் ஊடு எதுன்னு கேட்டா கண்ணு தெரியாதவங்களும் கையைக் காட்டுவாங்க. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய், வெளக்கெண்ணெய், எல்லாம் நம்ம செக்குதான். தேங்காய்ப் பருப்பை மோந்து பாத்தே எந்தக் களத்துல காஞ்சதுன்னு சொல்லிருவேன். போன மாசம் டாக்டர் எனக்குக் கொழுப்பு சாஸ்தி, எண்ணெயைக் கொறைங்கன்னாரு. டாக்டருங்க, நீங்க எந்த எண்ணெய் ஊத்தறீங்கன்னு கேட்டேன். ஏதோ பாக்கெட் எண்ணெய் பேரு சொன்னாரு. அடுத்த நாளே ஒரு டின்னு கொண்டுபோயி வெச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் அவரு என்கிட்ட எண்ணெயைப் பத்தி வாயே தொறக்கறதில்லை.

எதுக்குச் சொல்றேன்னா, எண்ணெய்னு ஒரு பேச்சு வந்துட்டா இந்த ஊட்டுல முடிவு நாந்தான் சொல்லோணும். இது எனக்கும் தெரியும், என்ற ஊட்டுக்காரி பாவாத்தாளுக்கும் தெரியும், பொண்ணு சுகந்திக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத்தான் தெரியாமப் போச்சு.

மாப்பிள்ளை பேரு ஜெகதீசன். தங்கமான மனுசன். நான் சும்மா சொல்லலைங்க. ஓசூர்ல ஒரு கம்பெனியில பெயிண்ட் அடிக்கற பிரிவுல இருந்தாரு. கண்ணாலமாகி சுகந்தியையும் அங்கயே கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒரே பொண்ணு. அவ போனதுக்கப்புறம் இந்த ஊட்டுல சோறு திங்கறதே தண்டனையாட்டம் இருந்துச்சுங்க. நானும் பாவாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். உப்பு இருக்குதா இல்லையான்னுகூடப் பேசிக்க மாட்டோம்.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் மாப்பிள்ளையே சொன்னாரு. மாமா, எனக்குத் தனியாத் தொழில் பண்ணோணும்னு ஆசை. உங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில அந்தக் கொட்டாய் சும்மாத்தானே கெடக்குது, வண்டி டேங்க்குக்குப் பெயிண்ட் அடிச்சுப் பாக்கறேன். சித்திரை வரைக்கும் பாப்போம். சரிப்படலைன்னா ஓசூருக்கே திரும்பிர்றோம், அங்க வரச்சொல்லி இன்னும் கூப்புட்டுட்டுத்தான் இருக்காங்க, அப்படின்னாரு. எனக்குச் சித்திரையும் காதுல உழுகலை, ஓசூரும் காதுல உழுகலை. பொண்ணு வருதுங்கறது மட்டுந்தான் உழுந்துச்சு. அன்னைக்கே ஆளு விட்டுப் பொடக்காலி முச்சூடும் கூட்டித் தண்ணி தெளிச்சுப் போட்டேன்.

கம்ப்ரஸர் வந்து எறங்குச்சு. பிரிச்சா உள்ள எண்ணெயே இல்லை. காயக்காய அனுப்பிச்சிருக்கான். வழியில சிந்திருமாம், நாமதான் ஊத்திக்கோணுமாம். எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. மத்ததுக்கெல்லாம் நான் உதவமாட்டேன், எண்ணெய்க்கு உதவுவேன்ல? எந்த டின்னை எடுக்கட்டும் மாப்பிள்ளைன்னு கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. இல்லைங்க மாமா, இதுக்குன்னே கம்ப்ரஸர் எண்ணெய்னு தனியா வருது. நம்ம ஊரு வெயிலுக்கு நூறு நம்பர் ஊத்தோணும், திருப்பூர்ல போயி வாங்கிட்டு வர்றேன்னாரு.

நூறு நம்பராம். எண்ணெய்க்கு எங்கயாச்சும் நம்பர் உண்டுங்களா? சரி, கடையில வாங்கறதுதான் வாங்கறீங்க, வண்டிக்கு ஊத்தற என்ஜின் எண்ணெய் பக்கத்துலயே கெடைக்குமேன்னு கேட்டேன். அதுவும் ஆகாதாம். அதுல அழுக்கைக் கரைக்கறதுக்கு என்னத்தையோ கலந்திருப்பாங்களாம், வண்டிக்கு அது நல்லதாம், இதுல ஊத்துனா நொரை கட்டிக் கரி புடிச்சுருமாம். அப்படின்னா கலப்படமே இல்லாத எண்ணெய்தான் வேணும்னு அவரே சொல்றாருங்களா இல்லைங்களா? கலப்படமே இல்லாத எண்ணெய் எங்க இருக்குது? நம்ம செக்குல இருக்குது. இதை அவருக்கு யாரு எடுத்துச் சொல்றது? மாப்பிள்ளைங்களே, எதுத்துப் பேசறதுக்கு ஆகுங்களா? ஒரு காப்பி ஆறிப்போச்சுன்னாலே ஊட்டுல பொம்பளைங்க பதறுறாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.

அவரு போயி வாங்கிட்டு வந்துட்டாரு. டப்பாவைப் பையில போட்டுட்டு வந்திருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. கையில தூக்கிக்கிட்டு, எண்ணெய்க் கடை வீதி வழியா, பட்டப்பகல்ல நடந்து வந்திருக்காரு! நம்ம தொழில்லயே இருக்கற குப்பண்ணன், எனக்கும் அவனுக்கும் என்னைக்கும் ஆகாது, அவன் கடை முன்னால நின்னுட்டுப் பாத்திருக்கான். பொழுதோட என்னைப் பாத்ததும் கேக்கறான், "ஏனுங்க சென்னியப்பண்ணா, உங்க ஊட்டு மாப்பிள்ளைக்கு உங்க எண்ணெய் ஒத்துக்கலைங்களாட்ட இருக்குது?" அப்படின்னான். அட கெரகமே! பக்கத்துல நின்ன நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பு ஊடு வரைக்கும் என்ற கூடவே வந்துச்சுங்க.

நீங்களே சொல்லுங்க. எண்ணெய்க்காரன் ஊட்டுக்கு வெளிய இருந்து எண்ணெய் வரலாமுங்களா?

அடுத்த நாள் காத்தால மாப்பிள்ளை குளிக்கப் போனாரு. கம்ப்ரஸர்ல வட்டமா ஒரு கண்ணாடி இருக்குது, நடுவுல செவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி வரைக்கும் ஊத்தோணும்னு மொத நாளே சொல்லியிருந்தாரு. ஊத்துனேன். நம்ம மொதல் தரம் தேங்காயெண்ணெய். புள்ளிக்கு மேலயும் இல்லை, கீழயும் இல்லை, அவ்வளவு சுத்தமா ஊத்துனேன். கடை டப்பாவை மேல பரண்ல, பழைய அண்டாவுக்குள்ள வெச்சுட்டேன். மாப்பிள்ளை வந்து கண்ணாடியைப் பாத்துட்டு, "ஊத்தீட்டீங்களா மாமா?"ன்னாரு. "ஊத்தியாச்சுங்க மாப்பிள்ளை"ன்னேன். எந்த எண்ணெய்னு அவரு கேக்கலை. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது மரியாதை இல்லைங்களே.

ஓடுச்சுங்க, நல்லா ஓடுச்சு. கொட்டாய் முச்சூடும் கமகமன்னு மணம். மெஷின்ல இருந்து பலகாரக் கடையாட்டம் வாசம் வருதேன்னு சுகந்திகூடக் கேட்டா. பக்கத்துலதான செக்குன்னு சொல்லிப்போட்டேன். எறும்புதான் கொஞ்சம் சாஸ்தியா வந்துச்சு. அது நல்ல எண்ணெய்க்கு வரத்தான் செய்யும்.

ஆனா பாருங்க, மாப்பிள்ளையோட கெட்ட நேரம், பெயிண்ட் சரியா அமையலை. டேங்க் மேல சின்னச் சின்னதாக் குழி. மீன் கண்ணு கணக்கா வட்ட வட்டமா. எண்ணெய்ப் பசை பட்ட எடத்துல பெயிண்ட் புடிக்காம ஒதுங்கிக்குமாம், அதனால அப்படி ஆகுமாம். மொதல் டேங்க் அப்படித்தான் போச்சு. தேச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிச்சாரு. திரும்பவும் குழி. பெயிண்டை மாத்துனாரு, தின்னரை மாத்துனாரு, காத்து வர்ற குழாயை மாத்துனாரு. எண்ணெய் எங்க இருந்துதான் வருதுன்னு தலையில கையை வெச்சுட்டு உக்காந்திருவாரு. பாக்கவே பாவமா இருக்கும். நானும் கூட உக்காந்து யோசிச்சேனுங்க. வண்டிக்காரன் தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு டேங்க் மேல சாஞ்சிருப்பான்னேன். தாளிக்கற பொகை வருது, நீ சமையக்கட்டு ஜன்னலைச் சாத்துன்னு பாவாத்தாளைக்கூடச் சத்தம் போட்டேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

இப்படியே மார்கழி வந்துருச்சு. ஒரு நாள் நல்ல குளிரு. மாப்பிள்ளை சுவிச்சைப் போட்டாரு. மெஷின் உம்ம்ம்னு முக்குது, சுத்த மாட்டேங்குது. சுவிச்சை அணைச்சுட்டு அடியில இருக்கற திருகாணியைக் கழட்டுனாரு. எண்ணெய் ஒழுகோணுமில்லைங்களா? ஒரு சொட்டு வரலை. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள வெள்ளை வெளேர்னு ஒறஞ்சு போயி நிக்குது.

சிரிக்காதீங்க. தேங்காயெண்ணெய் ஒறையும்னு எனக்குத் தெரியாதுங்களா? வருசா வருசம் ஒறஞ்ச எண்ணெயைக் கரண்டியில நோண்டித்தானே விக்கறேன்! ஒறஞ்சா அது சுத்தமான எண்ணெய்னு அர்த்தம். கம்ப்ரஸருக்குள்ள போயி அத்தனை சூட்டுல வெந்து, அப்பவும் ஒறஞ்சு நிக்குதுன்னா அதைவிட வேற அத்தாட்சி வேணுங்களா? எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான் வந்துச்சு. ஆனா பாவாத்தா ஒரு குச்சியில எடுத்துப் பாத்துட்டு, "இது நம்ம எண்ணெய்தானுங்களே"ன்னு எல்லாருக்கும் முன்னால போட்டு ஒடைச்சுட்டா.

மாப்பிள்ளை என்னைப் பாத்தாரு. நாலு வார்த்தை கோவமாப் பேசியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாச்சும் சொல்லியிருப்பேன். கையைத் தொடச்சாரு, உள்ள போனாரு, ஓசூருக்குப் போன் போட்டாரு. கதவு சாத்தியிருந்துச்சு. ஆனாலும் காதுல உழுந்துச்சு. "தை பொறந்ததும் வந்து சேந்துக்கறேனுங்க"ன்னாரு.

அன்னைக்கும் நான் சும்மா இருக்கலைங்க. யோசிச்சுப் பாத்தேன். தப்பு எண்ணெய் மேல இல்லை, காலத்து மேல. தேங்காயெண்ணெய் வெயில் காலத்துக்கு. குளிருக்கு வெளக்கெண்ணெய்தான், அது எந்தக் குளிருக்கும் ஒறையாது. ஒரு சொம்புல ஊத்தி எடுத்துக்கிட்டு மாப்பிள்ளைகிட்டச் சொல்லலாம்னு போறேன், சுகந்தி கதவுல நின்னா.

"அப்பா, அதைக் கீழ வையுங்க."

"இல்ல அம்மிணி, இது நல்லாக் கெட்டியா..."

"உங்களுக்கு எண்ணெய் பெருசா, நான் பெருசா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயி மூட்டை கட்டறேன்."

இப்படிக் கேக்கலாமுங்களா ஒரு பொண்ணு? சொம்போட செக்குக்குப் போயி உக்காந்துட்டேன். சோத்துக்குக் கூப்புட ஆளு வந்துச்சு, வேண்டாம்னுட்டேன். திரும்பவும் நானும் பாவாத்தாளும் தட்டைப் பாத்துட்டு உக்காரோணுமேன்னு நெனச்சா பயமா இருந்துச்சுங்க. வெசனம் இல்லை, பயம். இந்த வயசுல அப்படிப் பயந்ததில்லை.

பரண்ல வெச்ச டப்பாவாச்சும் எடுத்துக் குடுத்துரலாம்னு அண்டாவுக்குள்ள பாத்தேன். அன்னைக்கு மோந்து பாக்கத் தொறந்துட்டு மூடியைச் சரியாச் சாத்தாம வெச்சிருக்கறேன், டப்பா சாஞ்சு அத்தனையும் கொட்டிப் போயிருந்துச்சு. வேற வழியில்லை. திருப்பூர் பஸ் ஏறுனேன். கடையில போயி நூறு நம்பர் குடுங்கன்னேன். கடைக்காரப் பையன் எந்தக் கம்பெனிதுங்கன்னு கேக்கறான். எண்ணெய்க்காரன் எண்ணெய்க் கடையில முழிச்சுட்டு நிக்கறேன், பாத்துக்குங்க. எது நல்லதோ அதைக் குடு சாமின்னேன்.

காங்கேயத்துல எறங்கறப்பக் கையில பை இருந்துச்சு. ஆனா டப்பாவைப் பையில போடலைங்க. மாப்பிள்ளை எப்படிக் கொண்டுவந்தாரோ அப்படியே கையில தூக்கிக்கிட்டு, அதே வீதி வழியா நடந்தேன். குப்பண்ணன் கடை முன்னால வந்ததும் நின்னு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, டப்பாவை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திப் புடிச்சேன். நல்லாப் பாக்கட்டும்னு. அவன் பாத்தான். ஏனோ அன்னைக்கு ஒண்ணும் கேக்கலை. நான் தோத்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு எண்ணெயையும் ஊத்திப் பாத்தாத்தானே எது ஒசத்தின்னு தெரியும்? ஒரு சோதனைக்குத்தான்.

கொட்டாய்க்குப் போயி மாப்பிள்ளை முன்னால டப்பாவை வெச்சேன். அவரு டப்பாவைப் பாத்தாரு, என்ற மூஞ்சியைப் பாத்தாரு. எண்ணெய்க் கடை வீதி வழியாவா மாமா வந்தீங்கன்னாரு. ஆமாங்கன்னேன். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பாவாத்தா காப்பி கொண்டாந்து வெச்சா, அது ஆறிப்போச்சு, ஒருத்தரும் பதறலை.

அப்புறம் ரெண்டு மூணு நாள் கொட்டாய்க்குள்ள தட்டறதும் ராவறதுமா ஒரே சத்தம். மெஷினைப் பிரிச்சு, கழுவி, என்னென்னமோ பண்ணுனாரு. நான் அந்தப் பக்கமே போகலை. மூணாம் நாளோ நாலாம் நாளோ கூப்புட்டாரு. "மாமா, இங்க வாங்க"ன்னாரு. போயிப் பாத்தா, கம்ப்ரஸருக்குப் பக்கவாட்டுல பித்தளையில அழகா ஒரு கிண்ணம். மூடி போட்டு, அடியில ஒரு குழாய் வெச்சு, பத்தவெச்சிருக்காரு. "இனி எண்ணெய் உங்க பொறுப்பு மாமா. அந்தத் திருகாணி, புள்ளி, அதெல்லாம் நீங்க தொட வேண்டாம். இந்தக் கிண்ணத்துல ஊத்துனாப் போதும், அது பாட்டுக்குப் போயிக்கும். உங்க எண்ணெயே ஊத்துங்க"ன்னாரு.

பாத்தீங்களா! கடைசியில யாரு வழிக்கு யாரு வந்தது? எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. பொய் சொல்லலை. மாப்பிள்ளை மாமனார்கிட்டத் தோக்கறதுன்னா லேசுங்களா? அன்னைக்கே ஓசூருக்கும் போன் போட்டு, வரலைங்கன்னு சொல்லிப்போட்டாரு.

அன்னைக்கில இருந்து ஒவ்வொரு டேங்க்கும் ஆரம்பிக்கறப்ப நான் போயி ஊத்தோணும். நான் ஊத்தாம அவரு பெயிண்ட் அடிக்கற கன்னையே கையில எடுக்கறதில்லை. அதுக்கப்புறம் ஒரு குழி உண்டுங்களா டேங்க்குல? கண்ணாடியாட்டம் வருது, நீங்களே பாப்பீங்க. மார்கழிக் குளிருலயும் நிக்கலை. மெஷினுக்கு நம்ம எண்ணெய் பழகிப் போச்சுங்க, அவ்வளவுதான். செவப்புப் புள்ளிக் கண்ணாடியில பாத்தா எண்ணெய் கொஞ்சம் தேன் நெறத்துல தெரியுது. சூட்டுல அப்படி மாறும். ஆனா நல்லாக் குடிக்குதுங்க, நாளைக்கு ஒரு கரண்டி போயிருது. கிண்ணத்துக்கு அடியில இருக்கற குழாய் செவுத்தோரமா அந்தப் பக்கம் போயி ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்துல முடியுது. அது எதுக்குன்னு கேட்டேன். மிச்சம் மீதி வடியறதுக்குன்னாரு. ஒரு சொட்டு வீணாக்க மாட்டாரு, அவ்வளவு கவனம். சுகந்தியும் இப்பச் சிக்கனமாயிட்டா. சாமி வெளக்குக்கு எண்ணெய் குடுங்கப்பான்னு முன்னெல்லாம் தவறாமக் கேப்பா. இப்பக் கேக்கறதே இல்லை, வெளக்கு மட்டும் நாள் தவறாம எரியுது.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் பக்கத்துல வாங்க. மாப்பிள்ளைகிட்டக் கேட்டுப்போடாதீங்க.

கொட்டாய்க்குப் பின்னால, வாழைக்குக் கீழ, அந்த நூறு நம்பர் டப்பா காலியாக் கெடந்துச்சு. நான் வாங்கிட்டு வந்ததுதானாக்கும்னு உட்டுட்டேன். போன வாரம் பாத்தா இன்னொண்ணு கெடக்குது, புதுசு. எனக்குத் தெரியாம இன்னும் வாங்கறாருங்க! எங்க ஊத்தறாரு, எதுக்கு ஊத்தறாரு, ஒண்ணும் தெரியலை. மெஷின் ஓடறது நம்ம எண்ணெயில. பாவம், படிச்ச படிப்பை உட முடியலையாட்ட இருக்குது. வாங்கி வெச்சுப் பாத்துட்டு, அப்புறம் கீழ ஊத்திருவாரோ என்னமோ. கேட்டா மனுசன் கூசிப் போயிருவாரு. ஒரு தடவை தோத்தது போதும், அதையே குத்திக் காட்டுனா நல்லாவா இருக்கும்? அதனால அவரு இல்லாத நேரமாப் பாத்து, அந்த டப்பாவைச் சாக்குல சுத்தி நானே கொண்டுபோயி பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டு வந்துட்டேன். பொண்ணுக்குத் தெரியாது, பாவாத்தாளுக்கும் தெரியாது. ஊட்டோட இருக்கற மாப்பிள்ளைங்க, அவரு மனசு கோணாமப் பாத்துக்கறது நம்ம கடமை இல்லைங்களா?

அதா, கூப்புடறாரு பாருங்க. "வந்துட்டேனுங்க மாப்பிள்ளை!" இருங்க, ஊத்திட்டு வந்துர்றேன். நான் போகலைன்னா அடுத்த டேங்க்கை ஆரம்பிக்க மாட்டாரு.